மஞ்சள் பாவாடைக்காரி பிடிபடுவதில்லை

1

"உங்கள் விளையாட்டு, ஆடுபவரிடம் எந்த நல்லுணர்வை உண்டாக்கும்? ஒன்றை மட்டும் தேர்வு செய்க" என்று கேட்ட ஒரு படிவத்தின் முன்னால் போன மார்ச்சில் ஒரு முழுக் காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். மகிழ்ச்சி, வியப்பு, அமைதி, நன்றியுணர்வு, சேர்ந்திருத்தல் என்று ஐந்து கட்டங்கள். ஊரில் ரேஷன் கார்டுக்கு எழுதிக் கொடுக்கும்போது அரிசியா சர்க்கரையா என்று ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை என்றால் அரிசி கிடையாது. இங்கேயும் அப்படித்தான். சேர்ந்திருத்தல் என்று குறியிட்டால் மகிழ்ச்சி கிடையாது. நான் சேர்ந்திருத்தலில் குறியிட்டேன். அதனால் வந்த வினைதான் இந்தக் குறிப்புகள்.

பின்லாந்துக்கு வந்து இந்த வருடத்தோடு இருபது ஆண்டுகள் ஆகின்றன. தாம்பரே என்ற ஊரில் இருக்கிறேன். ஊரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் தாம்பரத்தில் இருப்பதாக நினைக்கிறார்கள். "தாம்பரத்துல இருந்து வந்து போறதுக்கு ரெண்டு வருசமா ஆவுது, பஸ்ஸு கெடைக்கலியா?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். அம்மாவும் திருத்தவில்லை. தாம்பரம் என்றால் பிள்ளை பக்கத்தில் இருப்பது போல இருக்கிறதாம்.

என்ன வேலை என்று கேட்டால் கம்ப்யூட்டர் என்று சொல்லி முடித்துக்கொள்வேன். உண்மையான வேலை, ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நான்கைந்து நிமிட வீடியோ கேம் செய்வது. கம்பெனி என்பது நானும் பிர்யோ என்ற பெண்மணியும்தான். ஒரு சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேல்மாடி. பிர்யோ படம் வரைவார். அந்தப் படம் எப்படி நகர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று நான் எழுதுவேன். எங்கள் விளையாட்டுகளில் சுடுவது, வெட்டுவது, வெடிப்பது ஒன்றும் கிடையாது. சந்தோஷம் ஒன்றுதான் சரக்கு. என் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து சேர ஆகும் நேரத்தைப் பார்த்தவர்கள் இதை நம்புவதில்லை.

2

சின்ன விளையாட்டில் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்பது ஒரு தனித் தொழில். ஜெயிப்பதில் இருக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். ஜெயித்த பிள்ளை ஒரு நொடி சிரிக்கும். அடுத்த நொடி 'இவ்வளவுதானா' என்று நம்மைப் பார்க்கும். சமாச்சாரம் அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. ஓடிவரும் பொம்மை குதிக்காமலே பள்ளத்தின் விளிம்பைத் தாண்டிவிட்டாலும் அதைக் கால் நொடி அந்தரத்தில் நிற்க விடுவோம். அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டால் சரியாகக் குதித்ததாகவே எடுத்துக்கொள்வோம். பிள்ளைக்கு இது தெரியாது. தான் மயிரிழையில் தப்பிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு கத்தும். இந்த மாதிரிச் சின்னச் சின்னப் பொய்கள்தான் என் பிழைப்பு.

பொய் எடுபடுகிறதா என்று பார்க்கப் பிள்ளைகளை வரவழைத்து ஆட விடுவோம். நாங்கள் பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். ஜாடை காட்டக் கூடாது. பெருமூச்சு விடக் கூடாது. ஒரு பஸ் ரிவர்ஸ் எடுத்தால் சம்பந்தமே இல்லாத நான்கு பேர் இறங்கி நின்று 'வா, வா, ஒடி' என்று கை காட்டும் ஊரிலிருந்து வந்தவனுக்கு இது லேசான காரியமில்லை. முதல் வருடம் 'லெஃப்ட்ல போ கண்ணு' என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, மீதிச் சோதனையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். பிர்யோவுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் பிள்ளை புன்னகைத்தது, எங்கே சத்தமாகச் சிரித்தது, எங்கே வீறிட்டது என்று குறித்துக்கொண்டே இருப்பார்.

3

போன வருடம் ஒருநாள் பிர்யோ கேட்டார்: "சின்ன வயதில் நீ ரொம்பச் சந்தோஷமாக இருந்தது எப்போது?" இந்த ஊரில் இப்படி ஒரு கேள்வி கேட்பதற்கு ஏழெட்டு வருடப் பழக்கம் வேண்டும். அதற்கு முன் அவர் என் ஊரைத் தேடிப் பார்த்திருந்தார். கள்ளக்குறிச்சி என்று போட்டால் வருவது கருணாபுரத்துச் சாராயச் சாவுகள். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னிடம் மெதுவான குரலில் பேசினார். அந்தக் குரலைப் போக்குவதற்காகவே நான் உடனே பதில் சொன்னேன்: ரோடு மூடிக் கிடந்த வாரம்.

எங்கள் ஊர் நைனார்பாளையத்துக்குப் பக்கம். இட ஒதுக்கீட்டுக்காக எங்கள் சனங்கள் ரோட்டில் இறங்கிய நேரம். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். கோடாலி தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. பெரிய கூட்டத்தில் எங்களைக் கலந்துவிட்டால் காணாமல் போகிறோம், எங்களை எண்ணிப் பார்த்து எங்கள் பங்கைத் தனியாகக் கொடு என்று கேட்டார்கள். பிறகு அப்படிப் பிரித்துக் கொடுத்த பங்கில்தான் எனக்கு இன்ஜினியரிங் சீட்டு கிடைத்தது. அதைச் சொல்லாமல் மேலே எழுதினால் நன்றாக இருக்காது.

வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது, குடிசைகள் எரிந்தன. எனக்குப் பத்து வயது. எனக்கு அதெல்லாம் ரேடியோவில் நடந்தது. எங்களுக்குத் தெரிந்தது இதுதான்: பஸ் இல்லை, லாரி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. சாய்த்த மரம் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு பர்லாங் தார் ரோடு சும்மா கிடந்தது. நாங்கள் ஒன்பது பேர். ஏழு நாள் அதில் தொட்டு விளையாடினோம். ஒருவன் துரத்துவான், மற்றவர்கள் ஓடுவார்கள், தொட்டால் அவுட், அவுட் ஆனவன் அடுத்துத் துரத்த வேண்டும். இரண்டு முனையிலும் கிடக்கும் மரத்தில் ஒன்றைத் தொட்டு நின்றுவிட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

அந்த ஒன்பதில் ஒருத்தி வளர்மதி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி. அங்கிருந்து வந்தாள். என் வகுப்புதான். மஞ்சள் பாவாடை, இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பி. பிள்ளையோடு ஓடினால் விழுந்துவிடுவாள் என்று அவளை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கினோம். இதைத் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சின்னதுகளை அழாமல் இருக்கச் சேர்த்துக்கொள்வோம். எல்லாரோடும் ஓடலாம், கத்தலாம். அவுட் மட்டும் கிடையாது.

பிர்யோவுக்கு விளக்க வேண்டியிருந்தது. கேட்டு முடித்தவர் பென்சிலைக் கீழே வைத்தார். "பத்து வயதுப் பிள்ளைகள் இதைத் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டீர்களா? தோற்கவே முடியாத ஒரு இடம், ஆட்டத்துக்கு உள்ளேயே?" என்றார். கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் சார்பில் அந்தப் பாராட்டை நான் பெற்றுக்கொண்டேன்.

அந்த ரோட்டையே விளையாட்டாகச் செய்தோம். இரண்டு மரம், நடுவில் ரோடு, ஒன்பது பொம்மைகள். உடம்பு முடியாத பிள்ளை, பயந்த பிள்ளை, யாருக்கு வேண்டுமானாலும் மஞ்சள் பாவாடைக்காரி கிடைப்பாள். இடுப்பில் தம்பி இருப்பான். துரத்துகிறவன் அவளை நோக்கி ஓடிவருவான், கடைசி நொடியில் உடம்பை ஒடித்து அழகாக வளைந்து விலகிப் போவான். அந்த வளைவை எப்படி வரைவது என்று நான் பிர்யோவுக்கு எழுந்து ஓடியே காட்டினேன். கீழே சைக்கிள் கடைக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார். சப்பாணி என்ற சொல்லை அப்படியே ஃபின்னிஷில் போட்டால் வழக்குப் போடுவார்கள். ஆகவே அவள் பெயர் 'பாதுகாக்கப்பட்ட பங்கேற்பாளர்' ஆனது.

4

பார்த்த பெரியவர்கள் எல்லாருக்கும் பிடித்தது. ஒரு நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துரத்துகிறவன் விலகிப் போகும் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னார்கள்.

பிள்ளைகள் விஷயம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. பிர்யோவின் நோட்டில் மற்ற எட்டுப் பொம்மைகளுக்கும் வீறிடல், சிரிப்பு, மறுபடி வீறிடல் என்று கோடுகள். மஞ்சளுக்கு நேராக ஒரே ஒரு புன்னகை. அது ஆரம்பத்தில் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. "இது என்ன?" என்று கேட்டார். "அமைதி" என்றேன். தொழிலில் இருபது வருட அனுபவம் பேசியது.

வீட்டிலும் ஒரு எச்சரிக்கை வந்தது. மகள் நிலாவுக்குப் பதின்மூன்று வயது. என்னிடம் ஏதாவது வேண்டும் என்றால் மட்டும் தமிழ் பேசுவாள். அவளிடம் டேப்லெட்டைக் கொடுத்தேன். சும்மா பத்து நிமிடம் ஆடிவிட்டு, "அப்பா, இந்த மஞ்சள் பொண்ணு ரிப்பேர். யாரும் அவளைப் பார்க்கவே மாட்டேங்கிறாங்க" என்றாள்.

"ரிப்பேர் இல்லை. அப்படித்தான் செய்திருக்கிறோம்."

"ஓ" என்றாள். அந்த 'ஓ' ஃபின்னிஷ். அதற்கு மேல் பேச விருப்பமில்லை என்று பொருள். நானும் விட்டுவிட்டேன்.

5

படிவத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் வார்டுகளுக்கு விளையாட்டு செய்கிறவர்களுக்கு ஒரு அறக்கட்டளை நிதி கொடுக்கிறது. அது கிடைத்தால் இந்த விளையாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். கிடைக்காவிட்டால் எங்கள் அலமாரியில் இருக்கும். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: இந்த விளையாட்டு ஒரு ஊரார் வழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டதா? ஆம் எனில், அங்கே அதை ஆடிய ஒருவர் பதில் எழுதிக் கையெழுத்திட்ட தாள் இணைக்கப்பட வேண்டும்.

வளர்மதியைத் தேடுவது சிரமமாக இல்லை. எங்களோடு பத்தாவது வரை படித்தவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தினம் காலையில் பூங்கொத்துப் படம் போடாத இருவரில் ஒருவர் அவர். மற்றவன் நான். ஆசிரியை ஆகியிருந்தார். கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஜீப்பில் போகிற ஒரு ஊரில் வேலை. விளையாட்டை அனுப்பி, பிள்ளைகளோடு ஆடிப் பாருங்கள், பேச வேண்டும் என்று செய்தி போட்டேன். நான்கு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். பள்ளிக்கு வெளியே ஒரு பாறைமேல் நின்றால்தான் அங்கே சிக்னல் வருமாம். அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம். எனக்குக் காலை ஒன்பது.

"நல்லா இருக்கீங்களா குமாரு? பசங்க நாலு நாளா அத்தயேதான் வெளயாடிக்கினு இருக்குதுங்க. டேப்ல சார்ஜே நிக்கறதில்ல."

"புடிச்சிருக்கா டீச்சர்?"

"ரோடு புடிச்சிருக்குது. எங்க மலையில இவ்ளோ நேரா ரோடு ஏது? மரம் எதுக்கு சாஞ்சி கெடக்குதுன்னு கேட்டாங்க. காத்துல வுழுந்துடுச்சின்னு சொல்லி வச்சிருக்கேன்."

நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு பக்கத் தாள். சின்ன வயதில் இந்த ஆட்டத்தை ஆடினேன், இதை விளையாட்டாகச் செய்வதில் எனக்குச் சம்மதம் என்று எழுதினால் போதும். "அந்த மஞ்சப் பாவாட யாருன்னு தெரிஞ்சிதா?" என்றும் கேட்டேன். ஒரு பரிசைக் கையில் கொடுப்பவனின் குரலில்தான் கேட்டிருப்பேன்.

"தெரியாம? பாத்த ஒடனே தெரிஞ்சிது. ஒண்ணு கேக்கறேன். இடுப்புல அந்தப் புள்ளய எதுக்கு வச்சிருக்கீங்க?"

"உங்க தம்பி. அவனத் தூக்கிக்கினு ஓடினா வுழுந்துடுவீங்கன்னுதான ஒப்புக்குச் சப்பாணி வச்சோம்."

"அது மொத நாளு."

"ம்?"

"மொத நாளு தூக்கிக்கினு வந்தேன். சப்பாணின்னிங்க. சரி, புள்ள இருக்குதேன்னு சொல்றாங்கன்னு நெனச்சேன். ரெண்டாம் நாளு அவன வூட்லயே வுட்டுட்டு வெறுங்கையா வந்தேன். ரோட்டுப் பக்கம் போவாத, ஊரே நல்லா இல்லன்னு எங்கம்மா திட்டுச்சி. உங்களுக்கு அது லீவு. எங்க வூட்ல அந்த வாரம் பூரா கூலி இல்ல. அப்பவும் வந்தேன். அன்னிக்கும் சப்பாணின்னிங்க."

நான் ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"மூணாம் நாளு பாவாடயத் தூக்கி செருகிக்கினு ஓடுனேன். உங்க எல்லாரயும் வுட நான்தான் வேகம், அது உனக்கே தெரியும். ஒருத்தனும் தொரத்தல. ஜாஸ்தி வேகமா ஓடறேன் போலன்னு மெதுவா ஓடிப் பாத்தேன். அப்பறம் ஒரு தடவ நடு ரோட்ல அப்டியே நின்னுக்கினேன். நீதான் தொரத்தறவன். நேரா எங்கிட்ட வந்த. தொட்டுடுவேன்னு கண்ண மூடிக்கினேன். நீ வளைஞ்சி போயிட்ட."

பாறைமேல் நகர்ந்து நின்றார் போல, காற்றுச் சத்தம் கூடியது. பிறகு சொன்னார்: "அந்த வளைவ அப்டியே கேம்ல வச்சிருக்க. அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. அச்சு அசலா இருக்குது."

"நான் வேணும்னு..."

"வேணும்னு செஞ்சேன்னு சொன்னனா? எங்களத் தொட்டுட்டு வூட்டுக்குப் போனா தலையில தண்ணி ஊத்திதான் உள்ள வுடுவாங்க. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பத்து வயசு. அத்த வுடு. ஆனா நான் ஆடினேன்னு எழுதச் சொல்ற பாரு, அது முடியாது. நான் ஆடல. ஓடுனேன்."

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று நான் கவனிக்கவில்லை. பிறகு நினைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதுவரை பேசியது ஒரு ஆசிரியை. அதற்குப் பிறகு பேசியது என் வகுப்புக்காரி.

"அந்தப் பொம்மைய எடுத்துடவா?" என்று கேட்டேன்.

"எதுக்கு எடுக்கற? மறுபடியும் வூட்டுக்கு அனுப்பறதுக்கா? இங்க பசங்க மஞ்சப் பாவாட வந்தா பக்கத்துல இருக்கறதுங்க கையில குடுத்துடுதுங்க. ஏன்டின்னு ஒருத்தியக் கேட்டேன். என்னய யாருமே புடிக்க மாட்டேங்கறாங்க டீச்சர்ன்னா. ஒண்ணாங்கிளாஸ். எடுக்காத. புடிக்க வையி."

பெல் அடித்தது. "சோறு திங்கல இன்னும். வக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

6

முப்பத்தேழு, முப்பத்தெட்டு வருடமாக என்னிடம் அந்த ஏழு நாளும் ஒரே நாளாக இருந்தன. எல்லா நாளிலும் அவள் இடுப்பில் தம்பி இருந்தான். நான்தான் அவனைத் தினமும் தூக்கி அங்கே வைத்திருக்கிறேன். வகுப்பில் அவள் எனக்கு முன் வரிசை. ஸ்லேட் குச்சி கடன் வாங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குள் அதெல்லாம் நடந்தது. ரோடு ஊர்ப் பெரியவர்கள் கண்ணில் படுகிற இடம்.

சாய்ந்த மரத்துக்கு அந்தப் பக்கம் அப்பா எங்களையும் எண்ணிக்கையில் சேர் என்று முழங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நாங்கள் எட்டுப் பேர் ஒருத்தியை எண்ணாமல் ஆடிக்கொண்டிருந்தோம். இதைப் படிக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். அப்பா இருந்தால் அவருக்கும் வந்திருக்கும். போராட்டம் தப்பு என்று நான் எழுதவில்லை. அதன் பலனைச் சாப்பிட்டவன் நான். ஒரே ரோட்டில் இரண்டும் நடந்தன என்று மட்டும்தான் எழுதுகிறேன்.

பிர்யோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் ஃபின்னிஷ் இந்த விஷயத்துக்குப் போதவில்லை. காலநிலை, வரி, வாடகை பற்றித்தான் எனக்கு அது சரளம். ஏன் தொடக் கூடாது என்று அவர் கேட்டார். சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். காபி ஆறிப்போனது. அவர் நோட்டை எடுத்து அந்த ஒற்றைப் புன்னகைக்கு அடியில் ஒரு கோடு போட்டார்.

பிறகு சண்டை போட்டோம். இங்கே சண்டை என்றால் கால் மணி நேரம் இருவரும் ஜன்னலைப் பார்ப்பது. உடம்பு முடியாத பிள்ளைக்கு ஒரு பத்திரமான இடம் வேண்டாமா என்பது அவர் கட்சி. அதுவும் நியாயம்தான். கடைசியில் இப்படிச் செய்தோம். இடுப்பில் இருந்த பிள்ளையை எடுத்தோம். மஞ்சள் பாவாடைக்காரியைத் துரத்தலாம், தொடலாம், அவள் அவுட் ஆவாள். அவுட் ஆனால் துரத்துகிற முறை அவளுக்கு வரும். அப்போது மற்றவர்கள் ஓட்டத்தைக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள், அவளுக்குத் தெரியாமல். இந்தப் பொய் நமக்குப் பழக்கமானது. தொடுவது முன்பு தூரத்திலிருந்து ஒரு பொறி பறப்பது போல இருந்தது. பிர்யோ அதை அழித்துவிட்டு, முதுகில் ஒரு கை படுவது போல வரைந்தார். அதற்கு மட்டும் அவருக்கு ஒரு வாரம் ஆனது.

அடுத்த சோதனையில் மஞ்சளுக்கு நேராக முதல் வீறிடல் விழுந்தது. நான் கண்ணாடிக்கு வெளியேதான் நின்றிருந்தேன். அங்கேயே கேட்டது.

நிலாவிடமும் கொடுத்தேன். இந்த முறை ஒரு மணி நேரம் ஆடினாள். ஏன் முதலில் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். தமிழில்தான் சொன்னேன். ஃபின்னிஷில் ஒருமுறை சொன்னதே போதும் என்று இருந்தது.

"தொட்டா என்ன ஆகும்? காய்ச்சல் வருமா?"

"ஒன்றும் ஆகாது."

"அப்புறம் ஏன்?"

என் மகளுக்குத் தெரியாமல் போன தமிழ்ச் சங்கதிகள் என்று ஒரு நீண்ட பட்டியல் வைத்துப் புலம்புகிற ஆள் நான். அதில் இந்த ஒன்று தெரியாமல் போனதற்கு வருத்தப்பட முடியவில்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அதைச் சொல்லி முடிக்கும்போது அவள் என்னைப் பார்த்த பார்வை, நான் யார் என்று புதிதாகக் கேட்பது போல இருந்தது.

7

புதிய விளையாட்டை மலைக்கு அனுப்பினேன். தாளையும் அனுப்பினேன், தமிழில் மொழிபெயர்த்து. எப்படி எழுதுங்கள் என்று ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துப் படமெடுத்து அனுப்பினார். கரும்பலகைக் கையெழுத்து, கோணாமல் இருந்தது.

சிறு வயதில் இந்த விளையாட்டை ஆடினீர்களா? இல்லை.

இதைப் பயன்படுத்தச் சம்மதமா? ஆம்.

காரணம்: இப்போது என் பள்ளிப் பிள்ளைகளுடன் ஆடுகிறேன். நேற்று மூன்று முறை அவுட் ஆனேன்.

அன்று மாலை ஒரு குரல் செய்தியும் வந்தது. "எழுதனது போதுமா? ஒண்ணு சொல்லணும். மெதுவா ஓட வுட்டுருக்க இல்ல, மஞ்சப் பாவாட தொரத்தும்போது? எனக்குத் தெரிஞ்சிடுச்சி. எனக்கு ஆடும்போது அத்தயும் எடுத்துடு. நான் புடிச்சிக்கிறேன்."

எடுத்துக் கொடுத்தேன். அவர் டேப்லெட்டில் மட்டும் எல்லாரும் முழு வேகத்தில் ஓடுகிறார்கள்.

மூன்று வாரம் கழித்து அறக்கட்டளையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மரியாதையாக இருந்தது. இணைத்த தாளில் முதல் பதிலுக்கும் இரண்டாம் பதிலுக்கும் முரண்பாடு உள்ளது. ஆடாத ஒருவர் சம்மதம் அளிக்க இயலாது. 'இல்லை' என்பது கைப்பிழையாக இருப்பின் திருத்தி ஒரு வாரத்துக்குள் அனுப்பவும். கைப்பிழை இல்லை எனில் கீழே உள்ள கட்டத்தில் விளக்கம் தரவும். விளக்கம் ஏற்கப்படாவிட்டால் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட மாட்டாது.

"ஒரு சொல்தானே" என்றார் பிர்யோ. தவறாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிகளில் அந்தப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், எங்கள் ஒரு வருட வேலை காத்திருக்கிறது, எல்லாம் ஒரு சொல்லில் நிற்கிறது. நான் கேட்டால் வளர்மதி 'ஆம்' என்று மாற்றி எழுதிக் கொடுத்துவிடவும் கூடும். பழைய வகுப்புக்காரன் கேட்கிறான் என்று. செய்தியைத் தட்டச்சு செய்தேன். 'டீச்சர், முதல் பதிலை மட்டும்' என்பது வரை வந்தேன். முதல் நாள் ஒரு காரணம் சொன்னோம், இரண்டாம் நாள் அந்தக் காரணம் இல்லாமல் அவள் வந்தாள், அப்போதும் சப்பாணி என்றே சொன்னோம். இப்போது மறுபடியும் எங்கள் வசதிக்கு அவள் ஆடினாளா இல்லையா என்று நான் முடிவு செய்யப் போகிறேன். அழித்துவிட்டேன்.

விளக்கக் கட்டம் சின்னது. மூன்று வரிதான் பிடிக்கும். என் ஃபின்னிஷுக்கு அது வசதி. எழுதினேன்:

'கைப்பிழை இல்லை. வளர்மதி அந்த ரோட்டில் ஏழு நாள் ஓடினார். நாங்கள் எட்டுப் பேரும் அவரைத் தொடவில்லை. அவர் சம்மதம், இப்போது ஆடும் ஆட்டத்துக்கு.'

பிர்யோ படித்தார். இரண்டு இடத்தில் வேற்றுமை உருபைத் திருத்தினார். 'தொடவில்லை' என்ற இடத்தில் நின்று, "துரத்தவில்லை என்று போடட்டுமா? படிப்பவருக்கு எளிதாக இருக்கும்" என்றார்.

"வேண்டாம்" என்றேன்.

அவர் அந்தச் சொல்லை அப்படியே விட்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.